தளம் போட்ட பிறகு

தளம் போடும் நாளில் கதிரேசனைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவார். பொழுது விடியும்போதே வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பார். கலவை மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைப்பது அவர்தான். ஒரு மணி நேரத்தில் அந்த வெள்ளைச் சட்டை சிமெண்ட் சட்டையாகியிருக்கும். மத்தியானம் மேஸ்திரி முதல் சித்தாள் வரை எல்லோருக்கும் பிரியாணி. யாருக்காவது லெக் பீஸ் விழவில்லை என்று தெரிந்தால் தன் இலையிலிருந்து எடுத்துப் போடுவார். சாயங்காலம் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து, ஈரத் தளத்தைப் பார்த்துக் கண் கலங்கி, செக்கை நீட்டுவார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும்: தளம் போட்டால் பணம்.

அந்தச் செக்கைச் சட்டைப்பையில் வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு மாடி கட்டலாம் போலிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், வெறும் தளத்துக்குக் கீழே யாரும் குடித்தனம் நடத்த முடியாது. பூச வேண்டும், ஒயர் இழுக்க வேண்டும், பைப் ஓட்ட வேண்டும். டைல்ஸ், கதவு, ஜன்னல், குழாய், பெயிண்ட் என்று அதற்கப்புறம்தான் வீடே ஆரம்பிக்கிறது. செலவிலும் பாதி அங்கேதான். ஆனால் வரவேண்டிய பணமோ முக்கால்வாசிக்கு மேல் கடைசித் தளத்தோடு வந்து தீர்ந்திருக்கும். வந்த பணத்தைக் கதிரேசன் எங்கே வைத்தார் என்று கேட்கிறீர்களா? எங்கேயும் வைக்கவில்லை. போன வீட்டு டைல்ஸுக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த வித்தைக்குக் கட்டட வட்டாரத்தில் 'ரொட்டேஷன்' என்று கௌரவமான பெயர். ஆதம்பாக்கம் வீட்டுக்கு டைல்ஸ் போட்டது வேளச்சேரி வீட்டுத் தளத்துப் பணம். வேளச்சேரிக்குப் பெயிண்ட் அடித்தது அடையாறு தளத்துப் பணம். கையில் காசு வற்றும்போதெல்லாம் எங்காவது ஒரு புது சைட் கிடைக்கும், பூமி பூஜை போடுவார், அட்வான்ஸ் வரும், பழைய வீடு முடியும். ஒவ்வொரு தடவையும் தப்பித்துக்கொண்டதால் இதைத் தன் கைராசி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது மாட்டியிருந்தால் முன்னாடியே புத்தி வந்திருக்கும்.

அவரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா கான்கிரீட் கூட்டத்தில் சட்டி தூக்கியவர். கதிரேசனும் மீசை அரும்பும் வயதில் அதே கூட்டத்தில் சேர்ந்தார். அந்தக் கூட்டத்துக்குத் தளம் போடுவது மட்டும்தான் வேலை. போட்டு முடித்ததும் கை காலைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திரும்பிப் பார்த்ததே கிடையாது. அவர் மேஸ்திரியாகி, காண்ட்ராக்டராகி, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் 'ஷீலா கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்று போர்டு மாட்டிய பிறகும், மனசுக்குள் கட்டடம் என்பது தளத்தோடு முடிந்துபோன சமாச்சாரமாகவே இருந்தது.

ஷீலா அவர் மனைவி. கம்பெனியில் பாதிப் பங்குதாரரும் அவர்தான், காகிதத்தில். கணவர் காட்டிய இடத்திலெல்லாம் ஆரம்பத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அந்தப் பட்டறை மாடிக்கு அவர் ஏறியதே இல்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டும் கதிரேசனின் குடும்பம் இருந்ததோ வாடகை வீட்டில். வருஷம் பிறந்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், இல்லையென்றால் காலி செய்யச் சொல்வார். ஷீலாவின் பிறந்த வீட்டாரையும் அரசாங்கம் ஆற்றோரத்திலிருந்து பெயர்த்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியாயிற்று. "என்னை யாரும் 'கெளம்பு'ன்னு சொல்லாத ஒரு எடம் வேணும்யா, அவ்ளோதான்" என்பார். வேறு எதையும் அந்தப் பெண்மணி கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த இடம் அடையாறு காந்தி நகரில் கிடைத்திருந்தது. நாலு குடும்பங்கள் இருந்த பழைய கட்டடத்தை இடித்து, கதிரேசன் ஆறு வீடுகளாகக் கட்டினார். நாலு வீடு பழைய சொந்தக்காரர்களுக்கு. மீதி இரண்டு அவருக்கு: ஒன்றை விற்று அந்தக் காசில் மொத்தக் கட்டடத்தையும் கட்டுவது, மற்றதைக் கூலியாக வைத்துக்கொள்வது என்று பேச்சு. கீழ் வீட்டை ஒரு குடும்பம் வாங்கி, ஒவ்வொரு தளத்துக்கும் ஒழுங்காகப் பணம் கொடுத்தது. இரண்டாவது மாடி கிழக்குப் பார்த்த வீடு ஷீலாவுக்கு. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய், கிரைண்டர் எங்கே, துணி காயப்போடும் கொடி எங்கே என்று செங்கல் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டும் வந்தார்.

கடைசித் தளம் போட்டார்கள். பிரியாணி சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் கட்டடம் அப்படியே நின்றது.

பூச்சு வேலை ஆட்கள் பாதியில் கழன்றுகொண்டார்கள். டைல்ஸ் கடைக்காரர் பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் லாரியைக் கிளப்புவேன் என்றார். இடித்த வீட்டின் சொந்தக்காரர்கள் வெளியில் குடியிருக்கும் வரை அவர்களுக்கு வாடகை கொடுப்பது பில்டரின் பொறுப்பு. அது வேறு மாசம் தவறாமல் கழுத்தைப் பிடித்தது. அவர்களில் ஒருவரான, நங்கநல்லூரில் வாடகைக்கு இருந்த குல்சும் டீச்சர் போன் செய்து, "தம்பி, வீட்டுக்காரம்மா கேக்குறாங்க, எனக்கே கூச்சமா இருக்கு" என்று சொல்லும்போது, கதிரேசனுக்குப் போனை எங்கே வைப்பதென்று தெரியாது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த நேரத்தில்தான் மந்தைவெளி வந்தது.

ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தனக்கும் தம்பிகள் இரண்டு பேருக்குமாக மந்தைவெளியில் வாங்கிப்போட்டிருந்த மனையில் மூன்று மாடி கட்ட வேண்டும். வளர்பிறை முகூர்த்தம் பார்த்தாயிற்று. அன்றைக்கே அட்வான்ஸ் ஐம்பது லட்சம். கதிரேசன் அலுவலகத்துக்குப் படியேறி வந்தபோது கால் தரையில் பாவவில்லை.

"ஆடிட்டரம்மா, பேஜாரே இல்ல இனிமே. மந்தவெளி துட்டு வந்துச்சின்னா அடையாறு முடிஞ்சிடும்" என்றார்.

ஆடிட்டரம்மா என்று அவர் கூப்பிட்ட ஷண்முகப்ரியா ஆடிட்டர் இல்லை. கணக்குப் படித்தவர், வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்த்துக் கொடுப்பவர். அதற்குமுன் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் இருந்தார். அந்தக் கம்பெனி மூடியபோது மாசக்கணக்கில் சம்பளம் வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றிக் கேட்டால், "அங்க கிரேன் பெருசு சார், அதனால பள்ளமும் பெருசு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் இப்போது. "அடையாறை முடிக்க இன்னும் எவ்ளோ ஆகும்?"

"அக்கவுண்ட்ல எத்தினி கீதுன்னு பாத்து சொல்லும்மா, அத்த வெச்சி..."

"கையில எவ்ளோ இருக்குன்னு நான் சொல்லிடுவேன். இதுவரைக்கும் எவ்ளோ செலவாச்சுன்னும் சொல்லிடுவேன். முடிக்க இன்னும் எவ்ளோ வேணும்னு எந்த பில்லுலயும் இருக்காது. அது உங்களுக்குத்தான் தெரியும்."

"ஒரு முப்பது, நாப்பது ஆவும்."

"முப்பதா, நாப்பதா?"

கதிரேசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ! இருவத்தஞ்சி வருசமா கட்டிக்கினு கீறேன். எத்தினி வூடு முடிச்சி சாவி குடுத்துகீறேன்! துட்டுன்னா நிக்கக் கூடாது, ஓடிக்கினே இருக்கணும்."

"ஓடட்டும் சார். யாரோட துட்டு ஓடுதுன்னு நமக்குத் தெரியணும்ல?"

கதிரேசன் விறுவிறுவென்று படியிறங்கினார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை அடையாறுக்குப் போனதும் அந்தப் பெண்ணின் வாயை அடைக்கத்தான். முப்பதுக்கு மேல் ஒரு பைசா ஆகாது என்று எழுதிக் கொண்டுபோய் மேஜையில் போட வேண்டும் என்று நினைத்திருந்தார்.

கட்டடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். குல்சும் டீச்சரின் கணவர் உமர் ஃபாரூக், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் மாடியில், தன் வீட்டுச் சமையலறை வரவேண்டிய இடத்தில், கவிழ்த்துப் போட்ட சிமெண்ட் சட்டி மேல் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. டீ குடிக்கிறீங்களா?" என்றார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல.

"நீங்க இன்னா சார் காலங்காத்தால?"

"தினமும் வர்றதுதான். பஸ் பாஸ் இருக்கு. அங்க வாடகை வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறேன்? இங்க வந்தா நம்ம வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு." மூடியில் டீ ஊற்றி நீட்டினார். "வேலை நின்னுபோச்சான்னு அவ கேப்பா. இல்ல, ஆள் வர்றாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கதிரேசன் மூடியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மனுஷன் தினமும் வந்து பார்த்துவிட்டு, தன் பெண்டாட்டியிடம் பில்டருக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்! வெட்கமாக இருந்தது. மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தார்.

இதுவரை கட்டடத்துக்குள் நடக்கும்போதெல்லாம் எது நிற்கிறது என்றுதான் அவர் கண் பார்க்கும். தூண் நேராக இருக்கிறது, தளம் மட்டமாக இருக்கிறது, சபாஷ். அன்றைக்கு முதல் தடவையாக என்ன இல்லை என்று பார்த்தார். இங்கே நிலை இருக்கிறது, கதவு இல்லை. கதவுக்குக் கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. பாத்ரூமில் பைப் வரும் ஓட்டை மட்டும்தான். சுவரில் சுவிட்ச் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் இருட்டு. படிக்குக் கைப்பிடி இல்லை. தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்பு தோண்டவே இல்லை. சம்பு இல்லாமல் ஆறு குடும்பம் எப்படித் தண்ணீர் பிடிக்கும்? ஒரு வீட்டுக்கு எத்தனை குழாய் என்று எண்ணிப் பார்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டில் எத்தனை குழாய் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

மத்தியானம் ஷண்முகப்ரியா முன்னால் உட்கார்ந்தபோது அவர் வாயை அடைக்கிற நோக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெண் பில்களை வைத்து நாற்பது இருக்கும் என்று போட்டு வைத்திருந்தார். சம்பு, மதில், ஈ.பி. டெபாசிட் என்று அவருக்குத் தெரியாத இனங்களையெல்லாம் கதிரேசன் சேர்க்கச் சேர்க்க, கடைசியில் ஐம்பத்தெட்டு லட்சத்தில் வந்து நின்றது. கீழ் வீட்டுக்காரர் தரவேண்டியது எட்டு லட்சம். பாக்கி ஐம்பது.

"பாத்தியாம்மா, மந்தவெளி அட்வான்ஸு கரீட்டா அம்பது" என்றார் கதிரேசன், குரலில் பழைய உற்சாகம் இல்லாமல்.

"சரி சார். அடையாறு முடிஞ்சிடும். அப்புறம் மந்தைவெளிக்கு?"

"தளம் போட்டா வரும்."

"அது தளத்துக்குத்தான் சரியாப் போகும். டைல்ஸுக்கு?"

கதிரேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, விரல் விட்டு எதையோ பின்னோக்கி எண்ணினார். மந்தைவெளி, அடையாறு, வேளச்சேரி, ஆதம்பாக்கம், அதற்கு முன்னால் சைதாப்பேட்டை. சைதாப்பேட்டையில் கம்பி விலை திடீரென்று ஏறியதில் ஒரு நஷ்டம் வந்தது. அதை ஆதம்பாக்கம் பணத்தில் மூடினார். அதனால் ஆதம்பாக்கத்தில் விழுந்த பள்ளமும் அதற்கு வாங்கிய வட்டிக் கடனும் சேர்ந்து வேளச்சேரிக்குப் போயின. இத்தனை வருஷமாக நாலு இடத்தில் கஷ்டப்பட்டதாக நினைத்திருந்தார். கஷ்டம் ஒன்றுதான், அதை மண் போட்டு மூடுவதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சைட்டாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். போகிற இடத்திலெல்லாம் அது கொஞ்சம் பெருத்திருக்கிறது.

"இத்த எங்கனா நிறுத்தணும்னா இன்னாம்மா வழி?" என்றார்.

ஷண்முகப்ரியாவுக்கு வழி தெரியும். பேனாவை மூடி மூடித் திறந்தார். கடைசியில் கதிரேசனே சொன்னார்.

"ரெண்டாவது மாடிய வித்துட்டா?"

"அடையாறு முடியும், வட்டிக் கடன் அடையும். கொஞ்சம் கையில நிக்கும் சார். நம்ம காசா நிக்கும்."

ஐம்பது வயதைக் கடந்த அந்த மனுஷர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையை என்று வைத்துக்கொள்வோம்.

ஷீலாவிடம் சொன்னபோது அவர் சோறு போட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் கதிரேசன் உட்கார்ந்திருந்தார். கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஆறியிருக்கும். ஷீலா கத்தவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பாடு வேளாவேளைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஆரம்பித்தார்.

"வூட்ட வித்துட்டா இத்தோட முடியுமா? இல்ல, அடுத்த தபா விக்கறதுக்கு வேற இன்னா வெச்சிகீற?"

"முடியும் ஷீலா. மெய்யாலுமே."

"எப்டி முடியும்? நீதான் திருப்பியும் கையெழுத்துப் போடப் போற. நாளைக்கு ஒருத்தன் வந்து தளம் போடலாம் வான்னா வெள்ள சட்ட மாட்டிக்கினு ஓடிடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

கதிரேசன் ஓடிவிடுவார்தான்.

"கம்பெனி போர்டுல யார் பேரு கீது?" என்றார் ஷீலா.

"உன் பேரு."

"என் பேரப் போட்டு ஊரெல்லாம் கடன் வாங்கிகீற. இதுவரிக்கும் ஒரு செக்காவது என் கண்ணுல காட்டிகீறியா? வித்துக்கோ. நான் வேணான்னு சொல்ல மாட்டேன், அந்த டீச்சரம்மா தெருவுல நிக்கக் கூடாது. ஆனா இனிமே எந்த செக்குன்னாலும் ரெண்டு கையெழுத்து. உன்துதும் என்துதும். எந்த வூட்டுத் துட்டு, எந்த வூட்டுக்குப் போவுதுன்னு எனக்கு சொல்லு, போடறேன். சொல்ல முடியலியா, போட மாட்டேன்."

கதிரேசன் சம்மதித்தார். பெருந்தன்மையாக அல்ல. வேறு வழியில்லாமல், கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான். ஆனால் அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் ரங்கநாதன் தெருவுக்குப் போனார்கள். புடவை எடுக்காமல் ஷீலா அந்தத் தெருவுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. சுயம்புலிங்கம் குத்துவிளக்கு அடுக்கிய அலமாரிக்கு முன்னால் உட்கார வைத்து, காபி வரவழைத்தார். கதிரேசன் சுற்றி வளைக்காமல் சொன்னார்: நீங்கள் கொடுக்கும் ஐம்பதில் வேறு கட்டடத்தை முடிக்க நினைத்திருந்தேன். அது தப்பு. அந்த வேலையை என் காசில் முடித்துவிட்டு வருகிறேன், பூஜையைத் தள்ளிவையுங்கள்.

சுயம்புலிங்கத்தின் முகம் சிவந்துவிட்டது. "என்ன கதிரேசன், என்ன பேச்சு பேசுதீங்க? ஊருல இருந்து எங்க அக்கா, மச்சான் எல்லாரும் டிக்கெட்டு எடுத்தாச்சு. அய்யர்கிட்டச் சொல்லியாச்சு. இப்ப வந்து தள்ளிவைன்னா?"

"எம்மேல தப்புதாங்க. அட்வான்ஸு அம்பது வேணாம். வேல ஆரம்பிக்கச்சொல்லோ, சாமான் வாங்கற அளவுக்கு மட்டும் குடுங்க. உங்க வூட்டுக்குன்னு தனியா பேங்கு கணக்கு. போறது வர்றது அல்லாம் உங்க போனுக்கும் மெசேஜு வரும். தளத்துக்கு அதிகமா குடுக்காதீங்க. கதவு மாட்டுனா இவ்ளோ, டைல்ஸ் போட்டா இவ்ளோன்னு கடசி வரிக்கும் கையில வெச்சிக்கினு குடுங்க."

கடைக்காரர் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "அப்ப என் காசு என் வீட்டுலதான் நிக்கும்னு சொல்லுதீங்க. இதை எவனும் தானா வந்து சொல்ல மாட்டானே" என்றார். பிறகு, "யோசிச்சுச் சொல்லுதேன். டிக்கெட்டு கேன்சல் பண்ணுத காசு உங்க கணக்குலதான்" என்று எழுந்துவிட்டார். முகம் தெளியவில்லை. மந்தைவெளி போய்விட்டது என்றே இருவரும் நினைத்தார்கள். உஸ்மான் ரோடு வரை நடந்து வந்து, ஷீலாதான் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது மாடி சீக்கிரமே விலைபோனது. கிழக்குப் பார்த்த வீடல்லவா.

அதற்கப்புறம் நடந்தது கதிரேசனுக்கே புதுசு. கையில் பணத்தை வைத்துக்கொண்டு முடிக்கும் வேலையைச் செய்வது எப்படியிருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கடனுக்கு வாங்கும்போது முகம் கொடுக்காத டைல்ஸ் கடைக்காரர், ரொக்கம் என்றதும் நாற்காலி போட்டு விலையைக் குறைத்தார். சனிக்கிழமை சம்பளம் தவறாததால் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சொன்ன நாளில் வந்தார்கள், அவர்களும் மனிதர்கள்தானே. ஐம்பத்தெட்டு என்று போட்டது ஐம்பத்துநாலில் முடிந்தது. இதைவிட ஆச்சரியம், கதிரேசன் குழாய் கடையில் நின்று எந்தக் குழாய் ரொம்ப நாள் உழைக்கும் என்று அரை மணி நேரம் விசாரித்ததுதான். ஷீலா ஒவ்வொரு செக்குக்கும் ஆயிரம் கேள்வி கேட்டார். "இந்த வாரம் போலீஸ் ஸ்டேசன் மாதிரி கீது வூடு" என்று கதிரேசன் அலுத்துக்கொண்டார். ஆனாலும் கேள்வி வரப்போகிறதென்று தெரிந்து, கடையிலேயே பதிலைக் கேட்டு வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

வீடு ஒப்படைத்த அன்று குல்சும் டீச்சர் புது சமையலறையில் பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார். உமர் ஃபாரூக் வீடு வீடாகப் போய் லிஃப்டில் ஏறச்சொல்லி ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் சுயம்புலிங்கம் வந்து நின்றார். யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார். பிறகு கதிரேசன் பக்கத்தில் வந்து, "தை மாசம் நல்ல நாள் இருக்கு. அக்காவுக்குத் திரும்ப டிக்கெட்டு போட்டாச்சு" என்றார்.

எல்லோரும் போன பிறகு, சாயங்கால வெயில் சாயும் நேரத்தில், கதிரேசனும் ஷீலாவும் இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். வாங்கியவர்களுக்கு மறுநாள் சாவி கொடுக்க வேண்டும். ஷீலா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். ஏக்கம் இருக்கத்தான் செய்தது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவுமில்லை.

"நல்லா கட்டிகீற" என்றார். "நமக்கு எப்பய்யா?"

கதிரேசன் வாயைத் திறந்தார். தீபாவளிக்குள்ள, அடுத்த வருசம் கண்டிப்பா என்று எத்தனையோ பதில்கள் நாக்கு நுனியில் இருந்தன. மந்தைவெளியில் எவ்வளவு மிஞ்சும், கையில் நிற்பது எவ்வளவு, அதற்கு எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"தெர்ல ஷீலா" என்றார். "கணக்குப் பாத்துட்டு சொல்றேன்."

ஷீலா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து நீ தேதி சொல்லிக்கினேதான் கீற, ஒண்ணியும் நான் நம்புனதில்ல. இன்னிக்குத்தான்யா எனக்கு வூடு வரும்னு நம்பிக்க வந்துகீது."